மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி

எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு ஒன்று உண்டு. தோற்றவரின் வாதத்தைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது.

சட்டத் தேடலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் தீர்ப்புகளெல்லாம் வந்து நிற்கும். ஒன்றைத் திறந்தால் சொல் மஞ்சளாகத் தெரியும். அம்பை அழுத்தினால் அடுத்த மஞ்சள். மறுபடி அழுத்தினால் அதற்கடுத்தது. நடுவில் கிடக்கும் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. தலையணை கனத்துக்கு இருக்கும் தீர்ப்பை டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் மாசிலாமணி சாரிடம் தேடுநராக இருக்கிறேன். கோர்ட்டில் பேசுவது அவர். சொல் போடுவது நான். சேர்ந்த புதிதில் ஒரு நிலத் தகராறுக்காகப் பிரமாதமான பத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் மாசிலாமணி, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது கோர்ட் சொன்னது இல்ல. அந்தக் கேஸ்ல தோத்துப் போனாரே, அவரோட வக்கீல் சொன்னது. ரெண்டு பக்கம் மேல போய்ப் பாருங்க.”

கோர்ட்டே சிரித்தது. வராந்தாவில் சார் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏன் வே, மேல போய்ப் பாத்திரப்படாதா? மஞ்சளைக் கண்டா போதுமா? யாரு பேசுதான்னு பாக்காண்டாமா?”

அன்றிலிருந்து மேலே போய்ப் பார்க்கிறேன். மறைந்தோர் பதிவில் மட்டும் மேலே போக முடியாது.

என் மனைவி ஹெப்சிபா ஐப்பசி மழையில் இறந்தாள். அவளும் வக்கீல்தான். கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தவள் தரைப்பாலத்தில் ஏறினாள். பாலத்துக்கு மேலே ஆறு போய்க்கொண்டிருந்தது. தடுப்பு வைத்திருந்தோம் என்றது போலீஸ். தடுப்பு ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தது என்றார் டிராக்டர் ஓட்டி வந்தவர். சுற்றுவழியில் மேம்பாலம் இருக்கிறது. அவள் எப்போதும் அதில்தான் வருவாள்.

விபத்தா, அவளே போய் இறங்கினாளா? யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டில் எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. இரண்டில் எது மோசம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சாவுக்குக் காரணம் தெளிவில்லாதபோது மறைந்தவரின் பேச்சுப் பதிவைத் தேடலாம் என்று சட்டம் இருக்கிறது. எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா, அதில் சேர்ந்தது. போட்டிருப்பவரின் குரலை மட்டும் அது எழுத்தாக்கி வைக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதை எடுக்காது. ஆள் இறந்ததும் அத்தனையும் தீர்ப்புகள் இருக்கும் அதே தேடலுக்குள் போய்ச் சேரும். அதுவும் ஒரு ஆவணம். அதற்கும் அம்பு உண்டு.

மனுப் போட்டது நான் அல்ல, ஹெப்சியின் அண்ணன் ஜெபசிங். நாகர்கோவிலில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். முதல் விசாரணைக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். சுவரில் திரை. திரையில் அவள் பெயர். அதற்குக் கீழே வரி வரியாகக் கறுப்பு.

“இது என்ன சார்? எல்லாம் தார் பூசின மாதிரி கெடக்கு?”

விசாரணை அதிகாரி வள்ளிநாயகம் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ஓய்வு பெறப்போகிற வயது. எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிச் சலித்த குரல்.

“அப்படித்தான் இருக்கும். ஆரம்பத்துல மொத்தத்தையும் படிக்க விட்டாங்க. சம்சாரம் போனதும் ஒரு மனுஷன் உக்காந்து கல்யாண நாள்லருந்து அந்தம்மா பேசினது முழுக்கப் படிச்சார். படிச்சு முடிச்சிட்டு அருவாளை எடுத்துட்டு மாமனார் வீட்டுக்குப் போனார். அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. ஒரு தரப்புக்கு மூணு தேடல். கேட்ட சொல்லு வர்ற வரி தெரியும். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. மத்தது கறுப்பு. நான் கையெழுத்துப் போட்டதும் அதுவும் கறுப்பு.”

“எனக்கு மூணு வேண்டாம். ஒண்ணு போதும்,” என்றார் ஜெபசிங். எந்தச் சொல் என்று முன்பே முடிவுசெய்துகொண்டு வந்திருந்தார். அவர் கேட்ட சொல், சாவு. செத்து, சாக, செத்தாலும் என எல்லா உருவத்தையும் தேடல் தானே பிடித்துக்கொள்ளும்.

வெயிலில் செத்துவிட்டேன் என்றிருந்தாள். நாய் செத்துக் கிடக்கிறது, முனிசிபாலிடிக்குச் சொல்லு என்றிருந்தாள். எல்லாவற்றையும் அம்பு போட்டுத் தாண்டினார். கடைசி மஞ்சளில் நின்றார். தேதி, அவள் இறந்த நாள்.

வீட்டுக்குள்ள வந்தா ஒரு பேச்சு கெடையாது.
நான் இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்.
யாரு கேக்கப் போறா.



“எனக்க தங்கச்சி சொல்லியிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?” ஜெபசிங் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தே பேசினார். “அவளே போய்த்தான் இறங்கியிருக்கா. அப்படின்னு எழுதிக் குடுங்க. மிச்சத்த போலீஸ்ல நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க என்ன சொல்றீங்க, மிஸ்டர் ரூபன்?” என்று அதிகாரி கேட்டார்.

நான் அந்த மூன்று வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசும் விதம்தான். ‘கெடையாது’ என்று இழுப்பாள். ஆனால் அவளிடமிருந்து அந்த வாக்கியம் எனக்குப் புதிது. நான் கேட்காமல் போன ஒன்றா, என்னிடம் சொல்லாத ஒன்றா?

“தெரியல சார்,” என்றேன்.

“தெரியலயாம்!” ஜெபசிங் சிரித்தார். “வீட்டுல கூட இருந்தவனுக்குத் தெரியல. செவுரும் இப்படித்தான் சொல்லும்.”

“உங்களுக்கு மூணு தேடல் இருக்கு,” என்றார் அதிகாரி. “அடுத்த வாய்தாவுக்குள்ள பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் நான் முடிவு எழுதியாகணும்.”

போலீஸ் கேஸைப் பற்றி நான் நினைக்கவில்லை. அவள் சாக நினைத்தாளா, இல்லையா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முடிவு எழுதிவிட்டால் இனி எப்போதும் தெரியாது.

முதல் சொல்லை வீணாக்கினேன். தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவன் தண்ணி என்று போட்டேன்.

ஆறாயிரத்துச் சொச்சம் மஞ்சள். பதிவக அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து அம்பை அழுத்தினேன். தண்ணி வந்துட்டா பாரு. ரசத்துல தண்ணி ஜாஸ்தி. மோட்டாரை அமத்துங்க, தண்ணி நெறஞ்சு போகுது. தண்ணி காட்டிட்டான்லா அந்த வக்கீல். எனக்குத் தெரிந்த ஒருத்தி, மூன்று மூன்று வரியாக. இறந்த நாளில் ஒரே ஒரு தண்ணி இருந்தது. தண்ணி வேண்டாம், காப்பி குடு.

இரண்டாவது, தரைப்பாலம். ஒன்றுமே வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பாக இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது. நாகர்கோவில்காரி. அவள் அதைச் சப்பாத்து என்பாள். தரைப்பாலம் என்பது போலீஸ் எழுதிய சொல். ஆவணத்தில் இருப்பவன் வாயிலிருந்து சொல்லை எடு, ஆவணத்தை எழுதியவன் கையிலிருந்து எடுக்காதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன்.

ஒன்று மிச்சம்.

வள்ளிநாயகம் சாருக்கு என்மேல் ஏதோ பரிதாபம் வந்திருக்க வேண்டும். பதிவக வாசலில் பார்த்தபோது நின்றார்.

“கடைசித் தேடலுக்கு உங்க பேரைப் போடப் போறீங்களா?”

“நினைச்சேன் சார்.”

“எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. என்னைப் பத்தி என்ன சொன்னான்னு. போட்டா கரண்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும்தான் வரும்.” சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சட்டம் தெரிஞ்சவரு. யோசிச்சுப் போடுங்க.”

ஹெப்சியின் அலுவலகம் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. அவளுடைய கறுப்பு அங்கி அங்கேயே கிடந்தது. அவளுடைய ஜூனியர் இசக்கியம்மாள் இரண்டு முறை போன் பண்ணி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் போனேன். படியேறும்போதே உள்ளே பேச்சு கேட்டது.

“நான் அவளை அடிக்கல. கதவு காத்துல அடிச்சது. அவ நெத்திதான் கதவுல வந்து பட்டுது. நான் நாலு பிள்ளையளுக்குத் தகப்பன். நான் ஏன் அடிக்கப் போறேன்? அவளுக்குப் பேய்க்கோவம். ஊருக்கே தெரியும். என்னையக் கேளுங்க.”

பெண் குரல். இசக்கியின் குரல். தகப்பன் என்கிறாள். படியில் நின்றுவிட்டேன்.

“முச்சூடும் புளுகு, ஆமென். மாடசாமி கட்சி முடிஞ்சுது. இனி நம்ம கட்சி.”

நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்தவள் என்மேல் மோதப் பார்த்தாள்.

“ஐயோ, சாரா? எப்பம் வந்தீங்க?”

“உள்ள யாரு?”

“யாருமில்லயே.”

“நாலு பிள்ளைக்குத் தகப்பன்?”

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அது மாடசாமி சார். நம்ம கட்சிக்காரியோட வீட்டுக்காரரு. நாளைக்கு அவரு வக்கீலு கோர்ட்ல என்னத்தப் பேசுவாரோ அத இன்னைக்கே நான் பேசிப் பாக்கேன். மேடம் பழக்கினது. எதிராளி வாதத்த ‘அவன் சொல்லுதான், அவன் சொல்லுதான்’னு படிச்சா மண்டைல ஏறாதாம். ‘நான்’னு வச்சுப் பேசணுமாம். அப்பத்தான் அவன் எங்க அழுதான், எங்க நடிக்கான்னு நம்ம வாய்க்கே தெரியுமாம்.”

“சத்தமாவா?”

“சத்தமாத்தான். கீழ ஜெராக்ஸ் கடைக்காரரு முதல்ல பயந்து போய்ட்டாரு. மேடம் ஒரு நாள் கொலைகாரன் கட்சி பேசினாவ. அவரு கடைய அடைச்சிட்டுப் போலீசைக் கூப்பிடப் போய்ட்டாரு.”

வீட்டில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இந்த அறைக்குள் அவள் எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள்.

“ஆமென்னு சொன்னியே. நீ இசக்கியம்மன் கோயிலுக்குப் போற ஆளு.”

“மேடம்ட்ட இருந்து ஒட்டிக்கிட்டது சார். எதிர்க்கட்சி வாதம் முடிச்சா, சொன்னதெல்லாம் பொய்னு ‘முச்சூடும் புளுகு, ஆமென்’. அதுக்கப்புறம் அவன் பேரைச் சொல்லி, கட்சி முடிஞ்சுதும்பாவ. எங்கம்மா கேட்டா என்னை வீட்டுக்குள்ள விடாது.”

அங்கியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். பிறகு தயங்கினாள்.

“ஒண்ணு சொன்னா கோவப்படப்படாது. மேடம் உங்களுக்கு ஒரு பேரு வச்சிருந்தாவ.”

“என்ன?”

“அம்பு.”

“அம்பா?”

“நான் வீட்டுல பேசிட்டே இருந்தா அந்த மனுசனுக்குப் பாலு, வாடகை, சிலிண்டருன்னு மூணு சொல்லு மட்டும் மஞ்சளா தெரியும், மத்ததெல்லாம் தாண்டிருவாரும்பாவ. சிரிச்சிட்டேதான் சொல்லுவாவ சார்.” பையின் வாரை நேராக்கினாள். “கடைசில கொஞ்ச நாளா சிரிக்கல.”

கீழே இறங்கி ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன். நான் இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான். யார் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் மஞ்சளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம், ஜெபசிங்கும் நானும். மேலே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் இது அவள் பேசிப் பார்த்த யாரோ ஒருவரின் கட்சியாக இருந்தால், வாதம் முடிகிற இடத்தைப் பிடிக்கலாம்.

ஆமென் என்று மட்டும் போட்டால் அவள் பிறந்ததிலிருந்து செய்த ஜெபம் எல்லாம் வரும். புளுகு என்று மட்டும் போட்டால் அவள் தொழில் முழுக்க வரும். இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டால் அது ஒரே தேடலாகத்தான் கணக்கு. நாங்கள் தினமும் செய்வது. புளுகு, ஆமென். நடுவில் ஓரிரு சொல் இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியாது. கைப்பழக்கம்.

வாய்தா நாளில் இசக்கியை அழைத்துப் போனேன். அவளைப் பார்த்ததும் ஜெபசிங் எழுந்தார்.

“இது யாரு? சாட்சிக்கு ஆளு கூட்டிட்டு வந்தியோ?”

“ஹெப்சியோட ஜூனியர், மச்சான்.”

“மச்சானா? இன்னும் மச்சானா?”

அதிகாரி மேசையைத் தட்டினார். இசக்கி தன் பழக்கத்தையும், அது மேடத்திடம் கற்றது என்பதையும் சொன்னாள். மாடசாமியாகவே கொஞ்சம் பேசியும் காட்டினாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பிறகு என் தேடலைப் போடச் சொன்னார்.

வந்தது. அம்பை அழுத்தினேன்.

அந்த நகைய நான் கண்ணாலயும் பாக்கல.
முச்சூடும் புளுகு, ஆமென்.
கணபதியா பிள்ளை கட்சி முடிஞ்சுது.

அடுத்தது.

கையெழுத்து என்னோடதுதான், ஆனா நான் போடல.
முச்சூடும் புளுகு, ஆமென்.
பேங்க் மேனேஜர் கட்சி முடிஞ்சுது. அப்பாடி.

அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தார்கள். திருடவில்லை என்றவர்கள், அடிக்கவில்லை என்றவர்கள், விற்கவில்லை என்றவர்கள். எல்லோரும் அவள் குரலில் நான் என்றே பேசினார்கள். ஜெபசிங் மெல்ல உட்கார்ந்தார். ஒரு இடத்தில் அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார். சின்ன வயதில் வீட்டில் எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவாள் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

கடைசி மஞ்சள். அவள் இறந்த நாள்.

யாரு கேக்கப் போறா.
முச்சூடும் புளுகு இல்ல. ஆமென்.
ரூபன் கட்சி முடிஞ்சுது. இனி நம்ம கட்சி.

அதன் பிறகு அம்பு நகரவில்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “மேல் வரி, அவர் காட்டினதோட கடைசி வரி. அதே எடம்தான். ஆனா இது... யாரு பேசுறது?”

“நான்,” என்றேன்.

“குரல் அவங்களோடது.”

“குரல் அவளோடது சார். பேசுறது நான்.”

“நீ எப்பம் இப்படிச் சொன்ன?” என்றார் ஜெபசிங்.

“நான் சொன்னதில்ல.”

“பெறவு?”

“நான் சொல்லக்கூடியதுன்னு அவ நெனச்சிருக்கா.”

எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்தால் ஒரு பேச்சு கிடையாது. அது அவள் என்னைப் பற்றிச் சொன்ன குறை என்று எல்லோரும் நினைத்தோம். அவளைப் பற்றி நான் சொல்லக்கூடிய குறை அது. இருந்தாலும் ஒன்றுதான், செத்தாலும் ஒன்றுதான். அப்படி நினைத்தேனா? யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். ஆனால் திரையில் இரண்டாவது முறை வாசித்தபோது அது என் குரலில் கேட்டது. என் கட்சியை நானே அவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டேன்.

“எல்லாமே புளுகு இல்லங்காவ,” என்றாள் இசக்கி மெதுவாக. “மேடம் ஒருத்தருக்கும் அப்படிச் சொன்னது கெடையாது சார்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். “எறந்தவங்களோட எண்ணம்னு காட்டின வரி அவங்க எண்ணம் இல்ல, எதிர்த்தரப்பு வாதம். இதை நான் எழுதிக்கிடுதேன். தடுப்பு ஓரமா கெடந்ததுக்கு டிராக்டர்காரர் சாட்சி இருக்கு. விபத்துன்னுதான் முடிக்க முடியும்.”

“பொறுங்க சார்.”

ஜெபசிங் எழுந்து நின்றிருந்தார். குரலில் சண்டை இல்லை.

“இவனுக்க கட்சியத்தான் காட்டிட்டீங்க. எனக்க தங்கச்சி கட்சி எங்க? இனி நம்ம கட்சின்னு இருக்குல்லா? அவ என்ன சொன்னா? அது இந்தக் கறுப்புக்குள்ளதான கெடக்கு? எனக்கு இன்னும் ரெண்டு தேடல் பாக்கி இருக்குல்லா?”

“இருக்கு,” என்றார் அதிகாரி.

ஜெபசிங் என் பக்கம் திரும்பினார். விசாரணை தொடங்கியதிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“மாப்ள. உமக்குத்தான் இந்த வேலை தெரியும். எந்தச் சொல்லப் போடணும், சொல்லும்.”

தினம் நூறு சொல் போடுகிறவன் நான். தன் கட்சியைப் பேச அவள் எந்தச் சொல்லில் தொடங்கியிருப்பாள்? பால், வாடகை, சிலிண்டர். அதற்கு மேல் என்னிடம் அவள் சொல் எதுவும் இல்லை.

“இசக்கி,” என்றேன். “நம்ம கட்சி பேசி முடிச்சா ஹெப்சி என்ன சொல்லுவா?”

இசக்கி தலையை அசைத்தாள்.

“பேசவே மாட்டாவ சார். எதிர்க்கட்சியத்தான் சத்தமா பேசுவாவ. நம்ம கட்சி வந்தா அங்கியத் தூக்கிப் போட்டுக்கிட்டு எந்திச்சிருவாவ. நம்ம வாதத்தச் செவுத்துட்டப் பேசி என்ன பிரயோசனம், கேக்க வேண்டியவன் முன்னால போய் நின்னு பேசணும்பாவ. நேரா கோர்ட்டுக்குப் போய்ருவாவ. அதுவும் எப்படி, ஓட்டமா. வாதம் ஆறிரப்படாதாம்.”

“அன்னைக்குக் கோர்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சே,” என்றார் அதிகாரி, கோப்பைப் புரட்டிக்கொண்டு. “மழைன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்க. அப்புறம் எங்க...”

பாதியில் நிறுத்திக்கொண்டார். அங்கிருந்த எல்லோருக்கும் அவள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியும். சுற்றுவழி அரை மணி. சப்பாத்து பத்து நிமிடம். கேட்க வேண்டிய நான் அன்று வீட்டில் இருந்தேன்.

ஜெபசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மூடிருங்க சார்,” என்றார்.

“ரெண்டு தேடல் இருக்கே.”

“வேண்டாம். அதுக்குள்ள ஒண்ணும் இல்ல.”

அதிகாரி கையெழுத்துப் போட்டார். திரையில் இருந்த மூன்று வரிகளும் மற்ற வரிகளைப் போல ஆயின.

வெளியே டீக்கடையில் ஜெபசிங் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

“என்னத்தச் சொல்ல வந்திருப்பா, மாப்ள? விட்டுட்டுப் போறேன்னா? இல்ல, வேற ஏதாவதா?”

“தெரியல மச்சான்.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நாகர்கோவில் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தரைப்பாலத்துக்குப் போனேன். வெயில். ஆறு பாலத்துக்குக் கீழே கணுக்கால் அளவு ஓடியது. புதிய தடுப்பை இரும்பில் செய்து பூட்டிவைத்திருந்தார்கள். பூட்டு திறந்தே கிடந்தது. அக்கரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வாழைத்தார் கொண்டுவந்தார். அவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு பாலத்து ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எதிராளி வாதத்தை நான் என்று வைத்துப் பேச வேண்டும். அப்போதுதான் வாய்க்குத் தெரியும்.

காதுக்குப் பின்னால் பொத்தான் இருக்கிறது. பேசுவதெல்லாம் போய்ச் சேரும். நான் போன பிறகு யாராவது ஏதோ ஒரு சொல்லைப் போட்டு அம்பை அழுத்தி இங்கே வந்து நிற்பார்கள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. பேசுவது நான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

“நான் பேசிட்டே இருப்பேன்,” என்றேன் சத்தமாக, ஹெப்சியாக. “அவருக்கு மூணு சொல்லுதான் கேக்கும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரியைத் தேடினேன்.

“நானும் பெறவு பேசுறத விட்டுட்டேன். அது எனக்க தப்பு. அவரு கட்சியையும் பேசிப் பாத்தேன். முச்சூடும் புளுகு இல்ல. அதுனாலதான் வாரேன். சப்பாத்து வழியா வாரேன். போய் நின்னு சொல்லணும்.”

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரை பேசியாயிற்று. முடித்துவிட்டு ஆமென் சொல்ல வாய் வந்தது. இது எதிர்க்கட்சி இல்லை என்று தோன்றியது.

ஒன்றும் சொல்லாமல் எழுந்துகொண்டேன்.